101-க்குப் போன் போட்டோம்: தீயணைப்பு மீட்புத் துறை, என் அனுபவத்தில்

போன மாதம் எங்கள் சினை மாடு தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. மதுரையிலிருந்து அழகர்கோயில் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். 50 அடிக் கிணறு, சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, அடியில் ஆள் மூழ்கும் தண்ணீர். காலை ஏழு மணி இருக்கும், அம்மா போட்ட சத்தத்தில்தான் ஓடினேன். மாடு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

101 அடித்தேன். உடனே எடுத்தார்கள். ஊர், அடையாளம், உள்ளே ஆள் யாராவது இறங்கியிருக்கிறாரா என்று மூன்றே கேள்வி. ஆனால் பக்கத்து நிலையத்து வண்டி ஒரு வீட்டில் பாம்பு பிடிக்கப் போயிருக்கிறதாம், அடுத்த நிலையத்திலிருந்து அனுப்புகிறோம் என்றார்கள். வண்டி வந்து சேர 50 நிமிடம் ஆனது. அந்த 50 நிமிடம் என்னால் மறக்க முடியாது. மாமா மேலிருந்தே கயிற்றில் சுருக்குப் போட்டு நாலைந்து தடவை வீசி ஒருவழியாகக் கொம்பில் மாட்டினார், தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டே நின்றோம்.

வண்டி வந்துகொண்டிருக்கும்போதே நிலைய அலுவலர் என் நம்பருக்குக் கூப்பிட்டார். "கெணத்துல மோட்டார் கிடக்கா? முதல்ல பியூஸ் கட்டையைப் பிடுங்குங்க. யாரும் எறங்காதீங்க, நாங்க வந்துடுறோம்." இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாராக நின்றான். நீர்மூழ்கி மோட்டாரின் வயர் தண்ணீரில்தான் கிடந்தது.

வந்தது ஆறு பேர். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். மாட்டின் வயிற்றுக்கடியில் வடக்கயிற்றைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எடுத்தது பழைய தண்ணீர் ஹோஸ், தீயணைக்கிற அதே கான்வாஸ் குழாய், ஒட்டுப் போட்டுப் போட்டு இனிமேல் பிரஷர் தாங்காது என்று ஒதுக்கி வைத்தது. கயிறு என்றால் மாட்டின் பாரம் முழுவதும் ஒரு கோட்டில் இறங்கித் தோலை அறுத்துவிடும், சினை மாட்டுக்கு வயிறும் நசுங்கும். ஹோஸ் பட்டையாக விரிந்து தாங்கும். முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று, வயிற்றின் நடுப்பகுதியைத் தொடவே இல்லை. கீழே இருந்தவர் "இந்தா ஆத்தா, இந்தா, அவ்வளவுதான்" என்று பேசிக்கொண்டே முடிச்சுப் போட்டது மேலே எங்களுக்குக் கேட்டது. பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஜேசிபியை வரவழைத்துத் தூக்கினார்கள். மாடு மேலே வந்து கால் நடுங்க நின்றதும் அம்மா அழுதுவிட்டாள். எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. டீ மட்டும் குடித்தார்கள்.

அன்றைக்குத்தான் இந்தத் துறை எப்படி அமைந்திருக்கிறது என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மும்பையில் தீயணைப்பு மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை, மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை, உள்துறையின் கீழ். சென்னையில் இயக்குநர், மண்டலத்துக்குத் துணை இயக்குநர், மாவட்டத்துக்கு மாவட்ட அலுவலர், அவருக்குக் கீழே உதவி மாவட்ட அலுவலர், அப்புறம் நிலைய அலுவலர். நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளர், தீயணைப்பாளர்கள், வண்டி ஓட்டுபவர். ஒரே துறை என்பதால்தான் ஒரு நிலையத்தில் வண்டி இல்லையென்றால் அடுத்த நிலையம் மறுபேச்சில்லாமல் கிளம்புகிறது, பெரிய தீ என்றால் பக்கத்து மாவட்டத்திலிருந்தும் வருகிறது. எங்கள் மாடு பிழைத்ததும் இந்த அமைப்பால்தான். இன்னொன்று, களத்தில் முடிவெடுப்பது நிலைய அலுவலர்தான். ஜேசிபி வேண்டும் என்று சொல்ல அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தபோது ஊரே தூங்கவில்லை. 2020 தீபாவளியன்று விடியுமுன் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போய், பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்திய அதே காலை. அந்தத் தெருப்பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, குறைக்கு வருகிறேன். துறையின் பெயரில் தீயணைப்பு முதலில் வருகிறது, மீட்பு பின்னால். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வேலை தலைகீழ். பாம்பு, கிணற்றில் விழுந்த ஆடு மாடு, கண்மாயில் மூழ்கியவர், மழைக்கு ரோட்டில் சாய்ந்த மரம், விரலில் மாட்டிய மோதிரம், எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். ஆனால் நிலையத்தின் அமைப்பு இன்னும் தீயை மனதில் வைத்தே இருக்கிறது: எங்கள் பக்கத்து நிலையத்தில் தண்ணீர் நிரப்பிய பெரிய வண்டி ஒன்று, அதற்கு ஒரு குழு. ஒரு சாரைப்பாம்பைப் பிடிக்க அந்த வண்டியே குழுவோடு கிளம்பிப் போய்விட்டால், அந்நேரம் வைக்கோல் படப்பு எரிந்தால் யார் வருவது? பாம்புக்குப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாம்பு புகுந்தால் நானும் 101-தான் அடிப்பேன். அந்த நிலையத்துக்கு மீட்புக்கென்று ஒரு சின்ன வண்டியும் நாலு பேரும் தனியாக இருந்தால் எங்கள் 50 நிமிடம் 15 நிமிடமாகியிருக்கும். இதை மாவட்ட நிர்வாகத்துக்கு மனுவாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று வண்டிக்கு. வந்த ஆட்களுக்குக் குறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடத்துகிறார்கள். அந்த வாரம் செயல்விளக்கம் காட்டுவார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நாங்கள் இப்போது மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்: 101, பக்கத்து நிலையத்தின் நம்பர், அதற்கடுத்த நிலையத்தின் நம்பர், அதன் கீழே "அய்யனார் கோயில் தாண்டி இடதுபக்கம் இரண்டாவது வண்டிப்பாதை". போன் போடும்போது கை நடுங்கியதில் எங்கள் தோட்டத்துக்கு வழி சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. கிணற்றுச் சுவரையும் கட்டியாகிவிட்டது. மாடு கன்று போட்டுவிட்டது, கிடாரி.