‘லேசர் சுன்னத்’ போர்டைப் பார்த்துப் போய் ஏமாந்தேன்

எனக்கு ஒஸ்தா, அதாவது பரம்பரையாக இந்த வேலை செய்பவர், வீட்டுக்கே வந்து சுன்னத் (குறியின் முன்தோலை நீக்குவது) வைத்தார். மகனுக்காவது ஆஸ்பத்திரியில் நல்லபடியாகச் செய்வோம் என்று, ‘லேசர் சுன்னத், ரத்தமில்லை, தையலில்லை’ என்று போர்டு வைத்திருந்த கிளினிக்குக்கு மே மாத லீவில் கூட்டிப்போனேன். அவனுக்கு 5 வயது. கொழுகொழுவென்று இருப்பான்.

அன்று வரிசையில் 11 பிள்ளைகள். கைலியை விலக்கி ஒரு நிமிஷம் முன்கூட்டிப் பார்க்க ஆளில்லை. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. பணம் மட்டும் முதலிலேயே, 8,500 ரூபாய். ரசீதில் ‘மைனர் புரொசீஜர்’ என்றுதான் இருந்தது. லேசர் என்ற சொல்லே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி பத்தரைக்குக் கட்டு நனைந்து கைலியெல்லாம் ரத்தம். போன் போட்டால், “அப்படித்தான் இருக்கும் பாய், காலையில கூட்டிட்டு வாங்க.” நான் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மச்சான் வண்டி ஓட்டினார். டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு தையல் போட்டு நிறுத்தினார்கள்.

சரி, அதோடு போயிற்று என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் புண் ஆறிய பிறகு பார்த்தால், குறி உள்ளே போய்த் தொப்புள் மாதிரி ஒரு குழிதான் தெரிந்தது. கிளினிக்கில் “வளர வளரச் சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் குழந்தைகளுக்கென்றே அறுவை சிகிச்சை செய்யும் ஒரு டாக்டரம்மாதான் விளக்கினார். குண்டான பிள்ளைகளுக்குக் குறி அடிவயிற்றுக் கொழுப்பில் புதைந்திருக்கும். அது தெரியாமல் வழக்கம்போலத் தோலை இழுத்து வெட்டினால், தழும்பு சுருங்கி, குறி வெளியே வரும் வழியை அடைத்துக்கொள்ளும். “முன்னாடியே பார்த்திருந்தா இப்ப வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க” என்றார்.

ஒயர் வைத்த பேனா மாதிரிக் கருவி, தொடையில் ஒட்டிய பட்டை என்று நான் பார்த்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அது லேசரே இல்லையாம், காட்டரி. மின்சாரச் சூட்டால் சதையைப் பொசுக்கும் கருவி. ரத்தத்தை நிறுத்த எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருப்பதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் தோலைப் பிடிக்க உலோகக் கிளாம்ப்பை (இடுக்கி) மாட்டி அதன்மேல் காட்டரியை வைத்தால் குறியே கருகிவிடக்கூடும் என்று அவர் சொன்னபோது என் கை சில்லிட்டது. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாதாம். பிறகு அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் வேண்டும்.

இப்போது மகனுக்கு இரண்டாவது ஆபரேஷன், மயக்க மருந்து கொடுத்து. அதற்காகக் கிளினிக்கில் கேஸ் ஷீட், அதாவது என்ன செய்தார்கள் என்று எழுதிய சிகிச்சைக் குறிப்பு, கேட்டேன். “அதெல்லாம் தர்றதில்ல” என்றார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கி வந்திருக்கிறேன்.