300 ஆம்பியர் என்று விற்றார்கள்: வெல்டிங் பிளாண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டோடு சிறு பட்டறை போட நினைத்துக் கருவிகள் தேடிக்கொண்டிருக்கும் மலையகத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்து நகரமொன்றில் உள்ள கருவிக்கடை, அதில் பாதிகூடத் தர முடியாத வெல்டிங் பிளாண்டை (இரும்பை உருக்கி ஒட்டும் மின் இயந்திரத்தை) 300 ஆம்பியர் என்று சொல்லி எனக்கு விற்றது. உத்தரவாதம் கேட்டுப் போனபோது பழியை மின்சார சபையின் தலையில் கட்டியது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை; இதே சரக்கை இதே பேச்சோடு வேறு ஊர்க் கடைகளிலும் பார்த்துவிட்டேன்.

என் தேவை பெரிதல்ல. கேட், ஜன்னல் கிரில், கோழிக்கூடு. இவற்றுக்கு 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெல்டிங் குச்சி, அதாவது மின்சாரத்தில் உருகி இரும்பை ஒட்டும் கம்பி, போதும். 70 முதல் 90 ஆம்பியர் வரை இருந்தால் வேலை நடக்கும். இதற்கு மேல், எங்கள் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் கை உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டி இழுக்கும் பெட்டிகளின் கொக்கி வேலையும் அடிக்கடி வரும். அது தடித்த இரும்பு, 3.2 குச்சி கேட்கும். அந்தக் குச்சியை ஒழுங்காக எரிக்க 110, 120 ஆம்பியராவது உண்மையாக வர வேண்டும். இவ்வளவையும் கடையில் சொல்லித்தான் கேட்டேன்.

முதலாளி ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு 300 என்ற இலக்கம். “தம்பி, லொறிச் செசியையே இதில் ஒட்டலாம். வீட்டு ப்ளக்கிலேயே ஓடும். நம் ஊர்க் குளிருக்கு இது சூடாகவே சூடாகாது” என்றார். “3.2 குச்சி எரியுமா, முதலாளி?” என்று கேட்டேன். “4 மில்லிமீற்றரே எரியும்” என்றார். கடைக்குள் சோதித்துக் காட்டியது 2.5 குச்சியில், அதுவும் விரல் நீளத்துக்கு. 3.2 குச்சி கையிருப்பில் இல்லையாம். முகக்கவசம், கிரைண்டர், கேபிள் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தந்தார்.

அவர் சொன்னது எப்படிப் பொய் என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். குச்சி வெல்டிங்கில் எத்தனை ஆம்பியருக்கு எத்தனை வோல்ட் என்பதற்கு ஐ.இ.சி. 60974-1 என்ற சர்வதேசத் தரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்பியரை 0.04ஆல் பெருக்கி 20ஐக் கூட்ட வேண்டும். 300 ஆம்பியருக்கு 32 வோல்ட் வரும். 300ஐ 32ஆல் பெருக்கினால் 9,600 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இயந்திரத்துக்குள் கொஞ்சமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் சுவரிலிருந்து 41 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒற்றைக் கட்ட இணைப்போ 30 ஆம்பியர். அந்தப் பெட்டியோடு வந்த ப்ளக்கோ 13 ஆம்பியர்! முழுப் பலத்தோடு ஓடினால் ப்ளக் உருக வேண்டும் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். என் வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு இழுக்கும் சக்தியே கிடையாது என்பதுதான் காரணம்.

13 ஆம்பியர் ப்ளக் வழியாகப் பாதுகாப்பாகப் போகக்கூடியது சுமார் 3,000 வாட். சேதாரம் போக அதில் 90, 100 ஆம்பியர் வெல்டிங் வரும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது தாராளம். ஆகவே சிறிய இயந்திரம் கெட்ட இயந்திரம் என்று நான் சொல்லவில்லை. சிறியதைச் சிறியது என்று சொல்லி, சிறியதன் விலைக்குத் தந்திருந்தால் கோபமே இல்லை. இவர்கள் பெரியதன் விலையை வாங்கினார்கள்.

வீட்டில் 2.5 குச்சி நன்றாகவே எரிந்தது. 3.2 குச்சியை மாட்டிக் குமிழை 300 வரை திருப்பியும் குச்சி இரும்பில் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக எரியவைத்து, இரண்டு 6 மில்லிமீற்றர் பட்டைகளை ஒட்டினேன். ஒட்டிய கோடு, நாங்கள் தையல் என்போம், பார்வைக்கு அழகாக இருந்தது. ஆறிய பிறகு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தேன். தையல் முழு நீளத்துக்கும் உரிந்து வந்துவிட்டது. அதற்கடியில் நான் முதலில் கிரைண்டர் போட்ட கீறல்கள் கலையாமல் அப்படியே இருந்தன. மேலே வழிந்த உலோகம் கீழே இருந்த இரும்பைத் தொட்டுக்கூட உருக்கவில்லை. இப்படி ஒட்டிய கொக்கியோடு உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் எங்கள் இறக்கப் பாதையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 300 என்ற பொய் இலக்கத்தின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பணம் போவது அடுத்த விடயம்.

தொடர்ந்து சில குச்சிகள் எரித்தவுடன் மஞ்சள் விளக்கு எரிந்து இயந்திரம் தானாக நின்றது. சூடு தாங்காமல் நிற்பதன் அடையாளம் அது. ஒழுங்கான இயந்திரத்தின் தகட்டில் 60 வீதம் என்று போட்டிருந்தால், 40 பாகை வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் ஓடும் என்று பொருள். எங்கள் ஊரில் உச்சி வெயிலிலும் 40 பாகையை யாரும் கண்டதில்லை. மூடுபனிக்குள் வைத்து ஓட்டியும் அதற்கு மூச்சு முட்டியது.

தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் சித்தப்பா, கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரோடு வந்தார். நான் 3.2 குச்சியை எரிக்க, அவர் உள்ளே வரும் கம்பியில் அளந்தார். 19 ஆம்பியர். அதே நேரத்தில் சுவரில் 221 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 4,200 வாட். முன்பு சொன்ன கணக்கில் போட்டால், கொஞ்சமும் வீணாகாத கற்பனை இயந்திரம்கூட 160 ஆம்பியருக்கு மேல் தர முடியாது. இந்த வகை மலிவுப் பெட்டிகளில் உள்ளே போவதில் நல்ல பங்கு வேலைக்கு வராது என்பதால், 100 வந்தாலே அதிகம் என்றார் சித்தப்பா.

கேபிளிலும் அதே கைவரிசை. ஓரத்தில் தோலைச் சீவி, மெல்லிய இழை ஒன்றைப் பிரித்து பிளேடு முனையால் சுரண்டினேன். செந்நிறம் தூளாக உதிர்ந்து உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். செப்பு முலாம் பூசிய கம்பி. அதே தடிப்பில் செம்பு கடத்துவதில் சுமார் 60 வீதம்தான் அலுமினியம் கடத்தும். அதனால் கேபிள் கூடுதலாகச் சூடாகிறது. குச்சியை மாட்டும் ஹோல்டரைப் பிடித்த கை சொல்லிவிடும்.

முகக்கவசத்தைப் பற்றிச் சொன்னால்தான் கோபம் ஏறுகிறது. தானாகக் கறுக்கும் வகை என்றார்கள். கறுப்பின் அளவை மாற்ற ஒரு குமிழும் இருந்தது. திருகினால் சுற்றியதே தவிர எந்த மாற்றமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் அதே கவசத்தை மாற்றி மாற்றிப் போட்டு வேலை பழகிய அக்கா மகன், அன்று நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிகிறது என்று அலறி எழுந்தான். வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும்; வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அடுத்த வீட்டு அம்மா உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைக்கச் சொன்னார். நுவரெலியா மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லைதான். நாங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். மருந்து போட்டு, கண்ணைக் கசக்காமல் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. நல்ல கவசம் கறுக்காமல் இருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுத்தாக வேண்டும். அதன் கண்ணாடிச் சட்டத்தில் இ.என். 379 போன்ற தர எண்ணும், 9-13 போன்ற கறுப்பு அளவும் அச்சிட்டிருக்கும். என்னுடையதில் பூ படம் மட்டும் இருந்தது.

கிரைண்டர் ஓடுகிறது. ஆனால் அதை விற்ற பையன் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, “அண்ணன், இப்படிச் செய்தால் 7 அங்குலத் தட்டும் போடலாம்” என்று காட்டினான். யாரும் செய்துவிடாதீர்கள். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். 7 அங்குலத் தட்டு தாங்கும் எல்லை 8,500 சுற்று அளவுதான், தட்டிலேயே எழுதியிருக்கும். உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும்.

இனி உத்தரவாதக் கதை. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “தோட்டத்துப் பக்கம் வோல்ட் குறைவு, தம்பி. அதற்கு நாங்கள் என்ன செய்வது?” என்றார். தூரத்து இணைப்புகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவது உண்மைதான். ஆனால் இயந்திரம் இழுத்துக்கொண்டிருந்தபோதே 221 வோல்ட் இருந்தது என்று மீற்றர் படத்தைக் காட்டினேன். உடனே பேச்சு உத்தரவாத அட்டைக்கு மாறியது. எரிந்த அடையாளம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதில் சிறிய எழுத்தில் இருக்கிறதாம். வெல்டிங் பிளாண்டில் எரிந்த அடையாளம் இல்லாமல் இருக்க, அதைச் சாமி அறையிலா வைத்திருக்க வேண்டும்?

பற்றுச்சீட்டிலோ ‘வெல்டிங் பிளாண்ட் 1’ என்று மட்டும் இருந்தது. மாதிரி எண் இல்லை, தொடர் எண் இல்லை, 300 என்ற இலக்கமும் இல்லை. வாயால் விற்கும்போது இருந்த 300, தாளில் எழுதும்போது காணாமல் போய்விட்டது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்து மூலம் தரச் சொன்னார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொருளின் தரம், அளவு பற்றிப் பொய் சொல்லி விற்பதற்கு எதிராக முறையிடலாம். முகப்பின் படம், ப்ளக்கின் படம், மீற்றர் படம், உரிந்து வந்த தையலின் படம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். அந்தச் செய்தி கடைக்கு எட்டியதும் முதலாளியே தொலைபேசியில் அழைத்து, பாதி விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மறுத்துவிட்டேன். அவருடைய சாமான் இனி எனக்கு எதற்கு?

வாங்கப் போகிறவர்கள் முகப்பிலுள்ள இலக்கத்தை மறந்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். எத்தனை வீதத்துக்கு எத்தனை ஆம்பியர், அதற்கு எத்தனை வோல்ட், சுவரிலிருந்து அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பவை கட்டம் கட்டி இருக்க வேண்டும். தகடே இல்லையென்றால் கடையை விட்டு இறங்கிவிடலாம். உங்களுக்கு 3.2 வேலை இருந்தால் ஒரு பொதிக் குச்சியை நீங்களே கொண்டுபோய், முழுக் குச்சியாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சிலவற்றைக் கடையிலேயே எரிக்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். கொழும்புப் புறக்கோட்டையில் நான் பின்னர் வேறு இயந்திரம் வாங்கிய இடத்தில், கேட்பதற்கு முன்பே இரும்புத் துண்டை எடுத்துப் போட்டார்கள். அந்த இயந்திரத்தின் முகப்பில் 160 என்றுதான் இருக்கிறது. 3.2 குச்சி வெண்ணெயாக இறங்குகிறது.

பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணும் ஆம்பியர் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் சீக்கிரம் மங்கிவிடும். என்னுடையதில் திகதி இப்போதே பாதி அழிந்துவிட்டது. அந்த ஆரஞ்சுப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் காலம் கடத்தாமல் நீங்களும் எழுத்தில் முறையிடுங்கள். ஒருவருடைய கடிதத்தைவிடப் பலருடைய கடிதங்களுக்கு விசாரணை வேகமாக நகரும்.