புதுப்பிப்புக்குப் பிறகு மந்தமான அழைப்புச் செயலிகள்: பதினான்கு மாத அனுபவம்

பதினான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரவில் என் மடிக்கணினியின் இயங்குதளம் பெரிய புதுப்பிப்பு ஒன்றை நிறுவிக்கொண்டது. மறுநாள் காலை முதல் காணொளி அழைப்பிலேயே என் முகம் திரையில் உறைந்து நிற்பதாகவும், குரல் மட்டும் துண்டு துண்டாக வந்து சேர்வதாகவும் எதிர்முனையில் இருந்தவர் சொன்னார். அன்று மாலைக்குள் குறுஞ்செய்திச் செயலியும் அதே நிலைக்கு வந்துவிட்டது. ஓர் உரையாடலைச் சொடுக்கினால் அது திறப்பதற்கு ஐந்தாறு நொடிகள் ஆயின. தட்டச்சு செய்த எழுத்துகள் விரலுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தன. கணினியில் மற்ற வேலைகள் ஓரளவு வழக்கம்போலவே நடந்ததால், இந்த இரண்டு செயலிகளுக்கும் பொதுவான இணைய இணைப்பில்தான் கோளாறு என்று உடனே முடிவு கட்டினேன். அந்த முடிவு எனக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களை வீணாக்கியது.

ஒரு சொல் விளக்கம். தமிழில் ஆப், பிராசஸர் இரண்டையுமே ‘செயலி’ என்று எழுதுகிறோம். இந்தக் கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வருவதால், ஆப்பை மட்டும் செயலி என்றும் மற்றதைப் பிராசஸர் என்றும் குறிப்பிடுகிறேன்.

அந்த மூன்று வாரங்களில் செய்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரூட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டேன். தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றினேன். இரண்டு செயலிகளையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். வேகச் சோதனைத் தளங்களில் வேகம் எப்போதும் நன்றாகவே காட்டியது என்பதும், அதை நான் நம்ப மறுத்தேன் என்பதும் இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கடைசியில் ஒரு நாள், அழைப்பு வழக்கம்போல் திணறியபோது, அதே அழைப்பில் அதே மேசையிலிருந்து, அதே வைஃபையில் கைபேசி வழியாக இணைந்தேன். படமும் குரலும் தெளிவாக இருந்தன. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. ஒரே இணைப்பில் ஒரு கருவி ஓடி மற்றொன்று நொண்டினால், பழுதை ரூட்டரில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கணினிக்குள் தேட வேண்டும்.

அதன் பிறகுதான், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அழைப்பில் சேர்ந்தேன். அழைப்பு தொடங்கிய சில நொடிகளில் பிராசஸரின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றது. படங்களைக் கையாளும் கிராஃபிக்ஸ் சிப்போ கிட்டத்தட்ட வேலையே இல்லாமல் கிடந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் விடை அந்த இடத்திலேயே கிடைத்திருக்கும். எனக்கு மேலும் இரண்டு நாட்கள் பிடித்தன.

காணொளி அழைப்பு கணினிக்கு எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1280க்கு 720 புள்ளிகள் கொண்ட படம் நொடிக்கு 30 முறை மாறினால், ஒரே ஒருவரின் முகத்துக்கு மட்டும் நொடிக்கு 2 கோடியே 76 லட்சம் புள்ளிகளைக் கையாள வேண்டும். இவற்றை அப்படியே அனுப்பப் பெரும்பாலான வீட்டு இணைப்புகளால் முடியாது என்பதால், கேமராவிலிருந்து வரும் படம் உடனுக்குடன் சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. எதிர்முனையிலிருந்து சுருக்கப்பட்டு வருவது உடனுக்குடன் விரிக்கப்படுகிறது. குழு அழைப்புகளில் பெரும்பாலும் ஒவ்வொருவரின் படமும் தனித்தனி ஓடையாக வருவதால் அவற்றைத் தனித்தனியாகவே விரிக்க வேண்டியிருக்கிறது. பல சேவைகள் நம் முகத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளில் சுருக்கி அனுப்புகின்றன. 2003இல் வந்த எச்.264 போன்ற சுருக்க முறைகளுக்கென்றே கிராஃபிக்ஸ் சிப்புகளுக்குள் தனிச் சுற்றுகள் இருக்கின்றன. அவை குறைந்த மின்சாரத்தில், அதிகம் சூடேறாமல் இந்த வேலையை முடித்துவிடும். ஆனால் அந்தச் சுற்றுகளை எழுப்புவதற்குச் சரியான டிரைவர், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள், வேண்டும். அது இல்லாவிட்டால் அத்தனை சுமையும் பிராசஸரின் தலையில் விழுகிறது.

என் கணினியில் நடந்தது அதுதான். வன்பொருள்களைப் பட்டியலிடும் சாளரத்தில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இயங்குதளம் தானாகப் பொருத்திய அடிப்படைக் காட்சி டிரைவரின் பெயர் இருந்தது. புதுப்பிப்பின்போது பழைய டிரைவர் எப்படியோ கழன்றுபோய், படத்தைத் திரையில் காட்ட மட்டுமே போதுமான பொது டிரைவர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. திரை வழக்கம்போலவே தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. மடிக்கணினியைத் தயாரித்தவர்களின் ஆதரவுப் பக்கத்தில் என் மாதிரி எண்ணைக் கொடுத்து, அதற்குரிய டிரைவரை இறக்கி நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன். அடுத்த அழைப்பில் பிராசஸர் பயன்பாடு முப்பது சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. மின்விசிறியின் இரைச்சலும் அடங்கியது.

இந்த இடத்தில் ஒரு பரவலான அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அழைப்பு திணறினால் செயலியின் அமைப்புகளில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ (வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) என்பதை அணைத்துவிடுங்கள் என்று எங்கு தேடினாலும் சொல்கிறார்கள். நானும் முதல் வாரத்தில் அணைத்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. அப்போது என் கணினியில் அணைப்பதற்கு அப்படி ஒன்று உண்மையில் இயங்கவே இல்லை என்பதால் அது இயல்புதான். வேடிக்கை என்னவென்றால், டிரைவரைச் சரிசெய்த பிறகும் அந்த அமைப்பை மீண்டும் இயக்க மறந்துவிட்டதால், ஒரு செயலி மட்டும் மேலும் ஒரு வாரம் திணறிக்கொண்டிருந்தது. டிரைவரிலேயே பிழை இருந்து திரையில் பச்சைக் கட்டங்களோ கறுப்புத் திரையோ தோன்றினால் அந்த அறிவுரை பொருந்தும். பிராசஸர் மூச்சு முட்டும்போது அதே அறிவுரை நிலைமையை மோசமாக்கும்.

குறுஞ்செய்திச் செயலியின் கதை பாதி இதோடு சேர்ந்தது, பாதி தனியானது. இன்றைய மேசைக்கணினிச் செய்திச் செயலிகளில் பல, உள்ளுக்குள் ஒரு முழு உலாவியின் எஞ்சினைச் சுமந்துகொண்டு வருபவை. அவை தம் எழுத்துகளையும் படங்களையும் திரையில் வரைவதற்குக் கிராஃபிக்ஸ் சிப்பையே எதிர்பார்க்கின்றன. ஆகவே டிரைவர் சரியானதும் எழுத்துகள் தயங்கி வரும் தொல்லை அன்றே தீர்ந்துவிட்டது. உரையாடல் திறப்பதற்கு ஆன ஐந்தாறு நொடிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரே புதுப்பிப்புக்குப் பிறகு ஒரே நாளில் தோன்றிய இரண்டு தொல்லைகளுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இம்முறை பிராசஸரை விட்டுவிட்டு வட்டின் பயன்பாட்டைக் கவனித்தேன். உரையாடலைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் செய்திச் செயலியோடு சேர்ந்து வைரஸ் தடுப்பு நிரல்களும் பரபரப்பாயின. நிரல்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முன்பே நிறுவியிருந்த ஒன்று ஓடிக்கொண்டிருக்க, இயங்குதளத்தோடு வரும் மற்றொன்றும் புதுப்பிப்புக்குப் பிறகு விழித்துக்கொண்டிருந்தது. செய்திகளும் படங்களும் கணினிக்குள் ஒரு தரவுத்தளமாகவும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளாகவும் சேமிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றையும் திறக்கும்போது இரண்டு காவலர்கள் மாறி மாறிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிறுவியதை முறையாக நீக்கிவிட்டு, உள்ளமைந்த பாதுகாப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டையும் அணைத்துவிட்டு வேகம் கூடியதா என்று பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. பிறருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். இரண்டில் ஒன்று போனதுமே உரையாடல்கள் சொடுக்கிய கையோடு திறந்தன.

இதற்கிடையில் நான் செய்த பெரிய தவறும் இங்கேதான். தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) அழித்தால் வேகம் வரும் என்று படித்துவிட்டு, கேஷ் கோப்புறையை மட்டும் அழிப்பதற்குப் பதிலாகச் செயலியின் தரவுக் கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டேன். முனைக்கு முனை குறியாக்கம் செய்யும், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்திகளைப் பூட்டும் செயலிகளில் செய்திகளைப் பிரித்துப் படிப்பதற்கான திறவுகோல்கள் நம் கருவியிலேயே இருக்கின்றன. அவை போனதும் கணினி ஓர் அந்நியக் கருவியாகிவிட்டது. கைபேசியோடு அதை மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. அண்மைக் காலச் செய்திகள் திரும்பி வந்தன. அனுப்பாமல் வைத்திருந்த வரைவுகளும், கணினியில் மட்டும் இருந்த சில பழைய உரையாடல்களும் வரவில்லை.

மற்றொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய புதுப்பிப்பு முடிந்த முதல் ஓரிரு நாட்களில் கணினி பின்னணியில் தன் கோப்புகளை மீண்டும் அட்டவணைப்படுத்துகிறது. விடுபட்ட சிறு புதுப்பிப்புகளையும் இறக்குகிறது. அந்த நேரத்து மந்தம் தானாகவே நீங்கிவிடும். முதல் நாளே எதையும் கிளறாமல், கணினியை மின்னிணைப்பில் ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்துப் பார்ப்பது நல்லது. மூன்றாவது நாளும் நிலைமை மாறாவிட்டால்தான் அது பழுது.

குரல் மட்டும் கெட்டுப்போவதை நான் தனியாகத் துரத்த வேண்டியிருந்தது. புதுப்பிப்பு, அழைப்புச் செயலியின் ஒலிவாங்கித் தேர்வைப் புளூடூத் ஹெட்செட்டுக்கு மாற்றிவிட்டிருந்தது. வழக்கமான புளூடூத்தில் ஹெட்செட்டின் மைக் இயங்கத் தொடங்கியதும், இசை கேட்பதற்கான உயர்தர முறையை விட்டுவிட்டுத் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு இணைப்பு இறங்கிவிடுகிறது. கேட்கும் ஒலியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. ஒலிவாங்கியாக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டதும் தெளிவு திரும்பியது.

இணைய இணைப்பு முற்றிலும் குற்றமற்றதா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாவது மாதத்தில், எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது, நாளின் சில வேளைகளில் மட்டும் அழைப்புகள் மீண்டும் தடுமாறின. மேகச் சேமிப்பு நிரல் படங்களை மேலேற்றிக்கொண்டிருந்த வேளைகள் அவை. நாம் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தையே பெருமையாகச் சொல்கிறோம். நம் முகமும் குரலும் போய்ச் சேருவதோ மேலேற்றப் பாதையில், பல இணைப்புகளில் அது மிகவும் குறுகலானது. அந்தப் பாதை நிரம்பினால் ரூட்டரில் தரவுப் பொட்டலங்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளில் உரையாடல் இயல்பாக நடக்கும் என்கிறது. மேலேற்றம் நடக்கும்போது என் ரூட்டரைத் தாண்டிப் போய்வரும் நேரம் அரை நொடியைத் தொட்டது. நிறுத்தியதும் முப்பது மில்லி நொடிக்கு இறங்கியது. மேகச் சேமிப்பின் வேகத்துக்கு வரம்பு வைத்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. புதுப்பிப்புக் கோப்புகளை வேறு கணினிகளோடு பகிர்ந்துகொள்ளும் அமைப்பும் இயங்கிக்கொண்டிருந்தது, அதையும் அணைத்தேன்.

பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் பற்றியும் ஒரு வரி: ஒவ்வொரு படத்திலும் ஆள் எது, சுவர் எது என்று பிரித்தறியும் கணக்கு அதற்குப் பின்னால் ஓடுகிறது. என்னுடையதுபோல் ஆறு வயதான மடிக்கணினிக்கு அது ஆடம்பரம், அணைத்தே வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான்கு புதுப்பிப்புகள் வந்துபோயின. இரண்டாவது புதுப்பிப்பில் கிராஃபிக்ஸ் டிரைவர் மீண்டும் காணாமல் போனது. ஆனால் இம்முறை மூன்று வாரங்களுக்குப் பதிலாகப் பத்து நிமிடங்களில் தீர்ந்தது, ஏனெனில் டிரைவரின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒரு தாளில் எழுதப்பட்டு மேசையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. நிறுவல் கோப்பையும் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் ஒரு சோதனை அழைப்பு போட்டு, பிராசஸர் பயன்பாட்டை அதே தாளில் குறித்துக்கொள்கிறேன். தீராமல் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பிய உடனே அழைப்பில் சேர்ந்தால் முதல் இருபது நொடிகளுக்குக் கேமரா கறுப்பாகவே இருக்கிறது. அதற்கான காரணத்தை நான் இன்னும் பிடிக்கவில்லை. அழைப்புக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே கணினியை எழுப்பிவிடுகிறேன்.