ஒரு சிற்றூரின் முழு வாழ்வும் ஓர் இறுவட்டில்: ‘தி இன்னர் லைட்’ புளூ-ரே பதிப்பு

‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவம் 2013ஆம் ஆண்டு புளூ-ரே இறுவட்டுகளாக வெளிவந்தது. அதிலுள்ள 26 அத்தியாயங்களுள் ஒன்றுக்காக மட்டும் முழுத் தொகுப்பையும் விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம் என்பேன். 1992 யூன் 1ஆம் திகதி அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான ‘தி இன்னர் லைட்’ என்பதே அந்த அத்தியாயம்.

ஆளில்லாத விண்கருவி ஒன்று பாய்ச்சும் கதிர், விண்கலத் தலைவர் பிக்கார்டை மயக்கத்தில் ஆழ்த்துகிறது. கலத்திலுள்ளோருக்கு அரை மணி நேரம் கூட ஆகாத அந்த மயக்கத்துக்குள், அவர் கட்டான் என்ற கோளில், ரெசிக் என்ற சிற்றூரில், இரும்பை நெய்யும் தொழிலாளியான கேமினாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து முதுமை அடைகிறார். கதிரவன் அழிவை நோக்கிச் செல்வதால் ஊரில் வறட்சி ஆண்டுக்கு ஆண்டு முற்றுகிறது. தப்பிச் செல்ல வழியற்ற அந்த மக்கள், தாங்கள் வாழ்ந்த விதத்தை யாரேனும் ஒருவர் உள்ளிருந்தே அறிய வேண்டும் என்று விண்ணுக்கு அனுப்பிய கருவிதான் அது என்பதும், அவர்கள் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதும் இறுதியில்தான் தெரிய வருகின்றன.

விளம்பரம் தாங்கி வானில் மிதந்த ஆகாயக் கப்பலைக் கண்டு, செய்தியொன்றை நேரே மனித மனத்துக்குள் செலுத்த முடிந்தால் என்ன ஆகும் என்று எண்ணியதிலிருந்து கதை பிறந்ததாக அதை எழுதிய மோர்கன் ஜெண்டெல் கூறியிருக்கிறார். திரைக்கதையை அவரும் பீட்டர் அலன் ஃபீல்ட்ஸும் எழுதினர். இயக்கிய பீட்டர் லோரிட்சன், படப்பிடிப்புக்குப் பிந்திய வேலைகளைப் பொறுப்பாகக் கவனித்து வந்த தயாரிப்பாளர். இயக்குநராக இதுவே அவருக்கு முதல் அத்தியாயம். போரோ துரத்தலோ இல்லாத இக்கதையில் அவர் அவசரம் காட்டவில்லை. எலீன் தன் கணவன் கேமினிடம் காலணிகளை ஒழுங்காக எடுத்து வைக்கும்படி சொல்வதும், பின்னர் மரணப்படுக்கையில் அதையே அவள் நினைவூட்டுவதும் ஒரு முழு இல்லறத்தையும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. பிக்கார்டாக நடிக்கும் பற்றிக் ஸ்டூவர்ட் அந்த இடத்தில் குரலைச் சற்றும் உயர்த்தாமல் நடித்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வளர்ந்த மகனாக வருபவர் அவருடைய சொந்த மகன் டானியல் ஸ்டூவர்ட் என்பதை அறிந்து பார்க்கும்போது, தந்தையும் மகனும் பேசும் காட்சிக்கு இன்னொரு கனம் சேர்கிறது.

இறுவட்டின் தரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தொடர் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டாலும், தொகுப்பும் சிறப்புக் காட்சிகளும் வீடியோ நாடாவிலேயே முடிக்கப்பட்டன. அதனால் முன்னைய டிவிடி பதிப்புகளில் படம் மங்கலாகவும் நிறங்கள் கலங்கியும் இருந்தன. புளூ-ரே பதிப்புக்காக மூல நெகட்டிவ்களை மீண்டும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலிலிருந்து வெட்டி ஒட்டி, சிறப்புக் காட்சிகளையும் புதிதாக இணைத்திருக்கிறார்கள். இந்த உழைப்பின் பயனை விண்கலக் காட்சிகளைவிட ரெசிக் ஊரில்தான் நான் அதிகம் கண்டேன். வீட்டுச் சுவரின் கரடுமுரடும், உடைகளின் நெசவும், கேமின் கையிலுள்ள சிறு குழலின் உலோகப் பளபளப்பும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. அக்குழல் நம் புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிப்பதன்று. நாதஸ்வரத்தைப் போல நேராகப் பிடித்து ஊதுவது. திரையின் இரு புறமும் கறுப்புப் பட்டை விழுவதைக் குறையாக எண்ண வேண்டாம். பழைய 4:3 அளவை வெட்டாமல் காத்ததே சரி. முதுமை ஒப்பனையின் விளிம்புகள் ஓரிரு இடங்களில் கண்ணுக்குத் தட்டுப்படுவது மட்டுமே இத்தெளிவால் வந்த நட்டம்.

1993இல் இவ்வத்தியாயத்துக்கு, அறிபுனைப் படைப்புகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது கிடைத்தது. தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் ஒன்று, 1968க்குப் பின் அவ்விருதைப் பெற்றது அப்போதுதான். 2006இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், படப்பிடிப்பில் பயன்பட்ட அந்தக் குழல் கட்டணங்களோடு சேர்த்து 48,000 டொலருக்கு விலைபோனது. அது ஊதினால் ஒலிக்காத வெறும் காட்சிப் பொருள். கதையில் அக்குழலில் ஒலிக்கும், இசையமைப்பாளர் ஜே சட்டவே அமைத்த மெட்டு எத்தனை பேர் மனத்தில் தங்கியிருந்தது என்பதற்கு அந்த விலையே சான்று.

திருகோணமலையில் இது எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதையும் நான் பார்த்தேன். வீட்டாரும் அயலவரும் கூடியிருக்க, உரையாடலைத் தமிழில் சொல்லிச் சொல்லியே ஓடவிட்டேன். 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே தம் காணிக்குத் திரும்பிய பெரியம்மா ஒருவரும் இருந்தார். விண்கலம் எதற்கு, கதிர் எப்படிப் பாய்ந்தது என்று அவர் எதுவுமே கேட்கவில்லை. ஊர் நடுவே நட்ட மரத்துக்கு ஒவ்வொருவரும் தம் பங்குத் தண்ணீரில் கொஞ்சம் கொடுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, “குடிக்கவே தண்ணியில்லாத இடத்தில மரத்துக்கு ஊத்துதுகள், தம்பி. ஊரை விட மனமில்லாத சனம் அப்பிடித்தான் செய்யும்” என்றார். அறிபுனை என்றாலே இளைஞருக்கான பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இக்கருத்தைச் சிந்திக்க வேண்டும். அந்த அறையில் கதையை மிகச் சரியாக விளங்கிக்கொண்டவர் அவரே.

குறைகளும் உண்டு. மயங்கிக் கிடக்கும் தலைவரைக் கலத்தில் மருத்துவரும் மற்றோரும் காப்பாற்ற முயலும் காட்சிகள் கதைக்குத் தேவையானவையே எனினும், ரெசிக்கை விட்டு நம்மை வலிந்து இழுக்கின்றன. தமிழ் வசன வரிகள் இல்லாதது அதனினும் பெரிய குறை. ஆங்கிலம் அறியாத முதியோருடன் பார்ப்பவர், என்னைப் போல, பக்கத்தில் இருந்து சொல்லத்தான் வேண்டும்.

நாற்பது ஆண்டு வாழ்ந்து திரும்பிய ஒருவர், அடுத்த அத்தியாயத்திலேயே எதுவும் நடவாதது போல நிற்பதும் மனத்தை உறுத்துகிறது. 1993இல் வந்த ஆறாம் பருவத்தின் ‘லெசன்ஸ்’ அத்தியாயத்தில் அக்குழல் மீண்டும் வருகிறது. அங்கே பிக்கார்ட் ரெசிக்கைப் பற்றி இன்னொருவரிடம் மனம் திறந்து பேசுகிறார். அது அடுத்த பருவத்தின் தொகுப்பில் இருப்பதால், வாங்குபவர் இரண்டையும் சேர்த்தே வாங்கி, இதைப் பார்த்த சில நாள்களுக்குள் அதையும் பார்ப்பது நல்லது.