எட்டு வாரங்களில் மேடை இசை நாடக நடனம்: ஓர் இணையவழி வகுப்பின் மதிப்புரை

மேடை இசை நாடகங்களின் நடனத்தை எட்டு வாரங்களில் அறிமுகப்படுத்தும் இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரத்திற்கு ஒரு விரிவுரையும் ஒரு மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அடிவைப்புகளை மட்டும் சொல்லித்தரும் வகுப்புகள் பல இருக்க, பேசியும் பாடியும் வந்த ஒரு பாத்திரம் குறிப்பிட்ட அந்த இடத்தில் ஏன் ஆடத் தொடங்குகிறது என்ற கேள்வியிலிருந்தே ஒவ்வொரு பாடமும் புறப்படுவதால், இவ்வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாம் வாரப் பாடம் 1943-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய 'ஓக்லஹோமா!'வைப் பற்றியது. அதில் ஆக்னஸ் டி மில் அமைத்த கனவு பாலேயில், நாயகி லாரி வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஆசையும் அச்சமும் நடனமாகவே வெளிப்படுகின்றன. அந்தக் கனவை நீக்கினால் அவள் மனம் நமக்குப் புரியாமலே போய்விடும். ஆனால் கனவில் ஆடியவர் லாரியாக நடித்தவர் அல்லர், தனி நடனமணி. 1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை இயக்கி நடனமும் அமைத்த ஜெரோம் ராபின்ஸோ, நடிப்பவர்களையே பாடவும் ஆடவும் வைத்தார். அதன் தொடக்கக் காட்சியில் இளைஞர்களின் விரல் சொடுக்குதலும் தெரு நடையும் சிறிது சிறிதாக நடனமாகின்றன. இதை உணர்த்துவதற்காக ஆசிரியர் எங்களை இருபது நிமிடம் வெறுமனே நடக்கவைத்தார். நடை எந்த நொடியில் நடனமாகிறது என்பதை என் உடலே கண்டுகொண்ட அந்த இருபது நிமிடத்திற்காகவே இவ்வகுப்பில் சேரலாம்.

ஜாஸ் பாணிக்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கியிருந்தது பொருத்தமே. பரதநாட்டியத்தைப் பயின்று, அதன் கை, கழுத்து அசைவுகளை ஸ்விங் என்னும் ஜாஸ் இசை வகையோடு இணைத்த நடன அமைப்பாளர் ஜாக் கோலிடமிருந்து தொடங்கி, உள்நோக்கித் திரும்பிய முழங்கால்களும் தொப்பியும் வளைந்த தோள்களும் அடையாளமான பாப் ஃபாஸி வரை பாடம் தெளிவாகச் சென்றது. ஃபாஸியின் நடனத்தில் மணிக்கட்டின் சிறு சுழற்சிக்குக்கூடப் பொருள் இருப்பதால், வேகத்தைக் குறைத்துப் பலமுறை செய்துகாட்டியது மிகவும் உதவியது.

டாப் நடனத்துக்குக் கிடைத்ததோ அரை வகுப்புதான். கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கி 1921-இல் மேடையேற்றிய 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகம் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனது எனக்கு வருத்தமே. அதோடு, காலணியே தாளக்கருவியாகும் அந்த நடனத்தில் ஆசிரியரின் பாதங்கள் பாதி நேரம் திரைக்கு வெளியே இருந்தன; ஒலியும் சற்றுப் பிந்தியே வந்ததால் தாளத்தைப் பிடிக்க இயலவில்லை.

இறுதி வாரம் 1975-இன் 'எ கோரஸ் லைன்'. ஒரு நாடகத்தின் நடனக் குழுவுக்கான தேர்வுக்கு வந்து ஒவ்வொருவராகத் தம் வாழ்க்கையைச் சொன்ன நடனக் கலைஞர்கள், முடிவில் ஒரே பொன்னிற உடையில், ஒரே வரிசையில், யார் எவரென்று பிரித்தறிய முடியாதபடி ஆடுகிறார்கள். அந்த வரிசை அசைவை அவரவர் அறையில் தனித்தனியே நின்று பழகினோம். இந்த ஒரு பாடத்தையேனும் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடிப் பயிலும்படி ஏற்பாட்டாளர்கள் அமைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்காமல் அதை ஆட முடியாது.