அங்கன்வாடியா, தனியார் நர்சரியா?

கடலூர் முதுநகரில் மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்றால், நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் அம்மா விடியுமுன் கிளம்பிவிடுவார். அங்கன்வாடி திறக்க அப்புறம் வெகுநேரம் ஆகும். நர்சரியும் அப்படியே, வேன் வரும், அதற்குத் தனிக் காசு. நடுவில் பாட்டி இருந்தால் பிழைத்தோம்.

செலவில் போட்டியே இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது. அதன்படி நடக்கும் அங்கன்வாடியில் கட்டணம் கிடையாது. மதியச் சோறு, முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் பாடம், பதிவேடு, வீடுவீடாகப் போவது என்று பணியாளர் தலையில் ஏகப்பட்ட வேலை. பாடம்தான் அடிபடும்.

நர்சரியில் டீச்சருக்கு அந்தச் சுமை இல்லை. சரி, அதற்காக மூன்று வயதில் வீட்டுப்பாடமா? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இலவச எல்.கே.ஜி. இடம் கிடைக்கலாம், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இணைய விண்ணப்பம், போட்டி அதிகமானால் குலுக்கல். வாடகை வீட்டுக்காரர்கள் பலர் இருப்பிடச் சான்றிலேயே நின்றுவிடுகிறார்கள்.

2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் என் ஓட்டு அதற்கே.