சபேயா இறங்கிப்போன பஸ்

ரங்கூனில் பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதிக்கு மேல் லைன் கார் என்கிற பழைய டவுன் பஸ் காலம். 2017 ஜனவரியிலிருந்து ஒய்பிஎஸ் என்கிற புது நகர பஸ் சேவை. இரண்டிலும் பெரும்பாலும் நின்றுகொண்டே போனவள் நான்.

லைன் கார் பலவும் ஜப்பானில் ஓடித் தேய்ந்த வண்டிகள். அங்கே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். இங்கே 1970இலேயே வலப்பக்கத்துக்கு மாறியாயிற்று. கதவை மாற்றிப் பொருத்தாத வண்டியில் ஏறினால் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் தமேனை, அதாவது பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கியை, சுருட்டிப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் குதித்திருக்கிறேன்! டிரைவருக்கு வருமானம் ஆள் கணக்கில் என்பதால், ஒரே லைன் வண்டிகள் இரண்டு சந்தித்துவிட்டால் ரேஸ்தான்.

ஆனால் அந்த வண்டியில் சபேயா, அதாவது கண்டக்டர், இருந்தான். கதவில் தொங்கியபடி வண்டி போகிற நகர மையத்தின் பெயரை "சூலே, சூலே, சூலே" என்று கத்துவான். உள்ளே இடமே இல்லாதபோதும் "ஷேடோ, ஷேடோ" என்று முன்னால் தள்ளுவான். ஸ்டாப் வந்தால், இறங்க ஆள் உண்டா என்று "பாலா?" என்பான். இறங்குகிறவர் "பாடே" என்று குரல் கொடுக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் "மபாபூ, ஸ்வே!", வண்டி பறக்கும். அம்மாவுக்கு பர்மிய எழுத்து வாசிக்க வராது. போர்டில் நம்பரும் பர்மிய எழுத்தில்தான் இருக்கும். சபேயாவின் தொண்டையை நம்பித்தான் அனவ்ரதா ரோட்டுக் காளியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் தனியாகப் போய்வந்தார்.

ஒய்பிஎஸ் வந்ததும் முந்நூறுக்கு மேல் இருந்த லைன்கள் அறுபது சொச்சமாகச் சுருங்கின. பழகிய நம்பர் எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசு. சபேயாவும் போய், அவன் இடத்தில் டிரைவர் பக்கத்தில் ஒரு உண்டியல் உட்கார்ந்துகொண்டது. அதில் பணத்தைப் போடலாம், சில்லறை மட்டும் வராது. அப்போதைய 200 சாட் கட்டணத்துக்கு ஆயிரம் சாட் நோட்டோடு ஏறினால் என்ன செய்வது? நோட்டை உண்டியலில் போட்டுவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். அடுத்து ஏறுகிற நாலு பேரிடமும் கை நீட்டி, ஆளுக்கு 200 வாங்கினால் நம் பாக்கி 800 கைக்கு வந்துவிடும். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது, கோயில் வாசலில் நிற்கிற மாதிரி. மூன்றாவது ஆள் ஒரு பிக்கு. அவரிடம் போய்க் கை நீட்ட முடியுமா? இரண்டு ஸ்டாப் கூடுதலாக அங்கேயே நின்றேன். பிறகு ஒய்பிஎஸ் கார்டு தட்டுகிற முறை வந்து அந்தத் தொல்லை குறைந்தது.

புது வண்டிகளில் கதவு சரியான பக்கத்தில் இருக்கிறது; என் முழங்காலுக்கு அதுவே பெரிய உபகாரம். ரேஸும் குறைவு. ஆனால் சாயங்காலம் சூலே பக்கம் ஏறுவது இன்றைக்கும் மல்யுத்தம்தான். ஒருநாள் ஒரு ஒய்பிஎஸ் வண்டி எங்கள் ஸ்டாப்பில் நிற்காமலே போய்விட்டது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து நான் கத்தியது டிரைவர் காதில் விழவில்லை. சபேயா இருந்திருந்தால் வண்டியின் பக்கத்தை டபடபவென்று தட்டி நிறுத்தியிருப்பான்.

வெளியூர் என்றால் எனக்கு மோல்மீன் மட்டும்தான், சித்தி வீடு. வெளியூர் பஸ் கிளம்பும் அவுங் மிங்கலா ஸ்டாண்ட் ரங்கூனுக்கு வடக்குக் கோடியில்; அங்கே போய்ச் சேர்வதே பாதிப் பயணம். முன்னெல்லாம் மொத்தமா என்கிற ஊரில் இறங்கி, ஆற்றைப் படகில் கடந்துதான் மோல்மீன். 2005இல் தன்ல்வின் பாலம் திறந்தபிறகு பஸ் நேராக ஊருக்குள்ளேயே போகிறது. தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள், டிவியில் நாடகம் ஓடுகிறது. ஏசி மட்டும் எலும்பு வரை குத்தும். சால்வை இல்லாமல் ஏறாதீர்கள்.

இப்போதெல்லாம் கோயிலுக்கு அம்மாவை நான்தான் கூட்டிப்போகிறேன். இறங்கும் இடம் வந்ததும், கேட்க ஆளே இல்லாத பஸ்ஸில், "பாடே!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார்.